மார்கழியில் முகூர்த்தம் இல்லை

ரச வாளியோடு வரிசைக்குள் நுழைந்து, முதல் இலைக்கு ஊற்றி, இரண்டாவது இலைக்குக் கரண்டியைச் சாய்த்தபோதுதான் நவநீதன் தனஞ்செயன் சாரைப் பார்த்தான். இதே வரிசை. தூணை ஒட்டிய இலை. பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார்ச் சோற்றின் கடைசிக் கவளத்தை நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்கும் பசிக்கும் என்பது ஏனோ இவ்வளவு நாள் தோன்றியதில்லை. நடுவில் எத்தனை இலை? கண் தானாகவே எண்ணியது. பதினான்கு. இந்த நேரத்தில் இவன் கூடப் படிக்கும் ஜெர்வின் வீட்டில் உட்கார்ந்து அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பதாக அவர் நம்புகிறார். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளாக நம்புகிறார். திரும்பிவிடலாமா? முடியாது. முன்னால் கூட வேலை பார்க்கும் தினகர் ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டு போகிறான், பின்னால் மோர் வாளி வருகிறது. பரிமாறும் ஆட்களை அனுப்பும் ஒச்சப்பன் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வாளியோட வரிசைக்குள்ள போயிட்டா நீ ரயிலுடா. ரிவர்ஸ் கெடயாது. ஒரு இலைய விட்டீன்னு வையி, அந்த மனுசன் சாகுற வரைக்கும் இந்தக் கல்யாணத்தப் பத்தித்தான் பேசுவான்." எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். ஐப்பசியில் சிரித்தது. அப்போது எல்லாமே சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது இலை, நான்காவது. "ரசம், ரசம்" என்று வாய் சொல்லிக்கொண்டே போயிற்று. மெரூன் நிற டிசர்ட், தலையில் வலைத்தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை. யாருக்கும் இவன் முகம் தெரியாது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பரிமாறுகிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, கரண்டியைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் இவனுடைய சொந்த அத்தையே இவன் கையால் வத்தக்குழம்பு வாங்கிக்கொண்டு, "காரம் கம்மிதானப்பா?" என்று கேட்டுவிட்டு நிமிராமல் சாப்பிட்டாள். சாரும் பார்க்க மாட்டார். ஊற்றிவிட்டுப் போய்விடலாம். போய்விட்டால்? நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்குக் காலையில் ஜெர்வினின் அம்மா மில்லில் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். 'என் மகன் இந்த வருடம் பொதுத்தேர்வு எழுதவில்லை, அடுத்த வருடம் தனியாக எழுதிக்கொள்வான், இது எங்கள் சொந்த முடிவு' என்று பள்ளிக்கூடமே எழுதி வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிற பள்ளிக்கூடம். அந்த நூறுக்காக வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் சொந்த முடிவு எடுப்பது வழக்கம். கையெழுத்து விழுந்துவிட்டால் விழுந்ததுதான். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் ஹால் டிக்கெட் வராது. சொல்வதானால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை சார். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து அந்த வாக்கியம் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் இருப்பதைக் காட்டுகிறது.

வெள்ளிக்கிழமை. ஆசிரியர் அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. தனஞ்செயன் சார் காலாண்டு முடிந்ததும் வகுப்பை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். கணக்கு வருகிறவனோடு வராதவன். இரண்டு பேர் மார்க்கையும் கூட்டித்தான் சொல்வார். ஜோடிக்கு நூறுக்குக் கீழே போனால் இரண்டு பேரும் நிற்க வேண்டும். நவநீதனுக்கு ஜெர்வின் வந்தான். "உனக்கென்னடா, லாட்டரி" என்று பின் பெஞ்சில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று இவன்தான் சாரிடம் முந்திக்கொண்டு சொன்னான். யார் கேட்டார்கள்? நல்ல பையன் என்று பெயர் எடுப்பதில் இவனுக்கு ஒரு ருசி உண்டு. திருப்புதல் தேர்வில் இவன் எண்பத்தி ஒன்று, ஜெர்வின் பன்னிரண்டு. சார் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்து, "ஏன்டா, இவன் வாராவாரம் வர்றானா இல்லையா?" என்று கேட்டார். நவநீதன் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பானா என்பது வேறு விஷயம், ஜெர்வின் சொல்லிவிட்டான்: "வர்றான் சார். நல்லாத்தான் சொல்லித் தர்றான். எனக்குத்தான் மண்டையில ஏற மாட்டேங்குது சார்." சொல்லிவிட்டுத் தன் தலையில் தானே விரல் முட்டியால் தட்டிக் காட்டினான், வெற்றுப் பானையைத் தட்டுகிற மாதிரி. பக்கத்து மேசையில் திருத்திக்கொண்டிருந்த வேதியியல் மிஸ் கூடச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டி வரும்படி ஜெர்வினிடம் சொல்லிவிட்டு, நவநீதனின் தோளில் கை வைத்து, "நீ ஒன்னால ஆனதச் செஞ்சுட்ட. அதுக்கு மேல யாரு என்ன பண்ண முடியும்" என்றார். அந்தக் கை கனமாக இருந்தது. அதைத் தள்ளிவிடவில்லை. தள்ளிவிடாதது மட்டுமா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கை இவனுக்குப் பிடித்திருந்தது.

"தம்பி, கெட்டியா அடியில இருந்து விடுப்பா." எட்டாவது இலை. அடியிலிருந்து அள்ளி ஊற்றினான். மிளகும் பூண்டுமாக நீராவி முகத்தில் அடித்தது, கண் கரித்தது. தினகர் திரும்பிப் பார்த்து, "என்ன மாப்ள, இவ்ளோ ஸ்லோவா வர்ற? பொண்ணு எதுவும் பாத்துட்டியா? இது அவங்க கல்யாணம்டா, ஒனக்கு இல்ல" என்றான். தினகர் வேறு பள்ளிக்கூடம். அவனுக்கு ஜெர்வினைத் தெரியாது. தினகரோடு இருக்கும்போது நவநீதனுக்கும் ஜெர்வினைத் தெரியாது. அதுதான் இவர்களிடம் இவனுக்குப் பிடித்தது. வேலை முடிந்து பாத்திரம் ஏற்றிய வண்டியின் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, யார் யார் இலையில் என்னென்ன மிச்சம் வைத்தார்கள் என்று பேசிச் சிரித்துக்கொண்டு வருவது. தலைக்குள் ஒன்றுமே இல்லாத ஒரு மணி நேரம். வீட்டில் அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தபிறகு ஒன்றுமே இல்லாத மணி நேரங்கள் அபூர்வமாகிவிட்டன. ஞாயிறு வேலை வேண்டியிருந்தது. யாரும் அதைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். திருப்புதல் தேர்வு முடியும்வரை யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்பது சாரின் கட்டளைதான். ஆனாலும் நேரில் போய், சார், வீட்டு நிலைமை சார், ஞாயித்துக்கிழமை கல்யாண வேலைக்குப் போயிட்டேன் சார், அதான் சொல்லித் தர முடியல என்று சொன்னால் சாரின் முகம் என்ன ஆகும் என்று இவனுக்குத் தெரியும். இளகிவிடும். ஏண்டா முன்னாடியே சொல்லல என்பார். அந்த வாக்கியம் தயாராகத்தான் இருக்கிறது. உப்பு புளி சரியாகச் சேர்ந்த வாக்கியம். ஆனால் அது உண்மையா? பாதி உண்மை. பாதிக்கு மேல் உண்மை. பதினோரு ஞாயிறு. ஐப்பசியில் இரண்டு, கார்த்திகையில் நான்கு, தையில் ஒன்று. நடுவில் இருப்பது, நடுவில் இருப்பதை எண்ணாமல் தாண்டிப் போகவே மனம் பழகியிருக்கிறது, உடைந்த படியைப் பார்க்காமலே தாண்டுகிற கால் மாதிரி.

நடுவில் மார்கழி. மார்கழியில் ஏது முகூர்த்தம்? மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. ஒச்சப்பன் அண்ணனே மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நான்கு ஞாயிறு. வேலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, அரையாண்டு விடுமுறை வேறு. முதல் ஞாயிறு தினகர் கூப்பிட்டான் என்று கல்லூரி மைதானத்தில் கால்பந்து. இரண்டாவது, மதியம்வரை தூக்கம், பிறகு சினிமா. மூன்றாவது, ஆறு பேர் மூன்று வண்டியில் அணைக்குக் குளிக்கப் போனார்கள். நான்காவது என்ன செய்தான் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. ஒரு முழு நாள். ஒருவன் ஒரு வருட வாழ்க்கையை இழப்பதற்குக் காரணமான நாள். அதில் ஏதாவது செய்திருக்க வேண்டாமா, சந்தோஷமாகவாவது இருந்திருக்க வேண்டாமா? ஏன் போகவில்லை? ஜெர்வின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சைக்கிளை எடுத்தால் நான்கு நிமிடம். போகாததற்குக் காரணம் வேலை இல்லை, களைப்பு இல்லை, அப்பாவின் இடுப்பு இல்லை. ஜெர்வினோடு உட்கார்வது அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான். அவன் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பான். கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "கோவிச்சுக்காத" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டால் கோபம் வரும். ஆனால் அதுவும் முழுசாக உண்மை இல்லையே. ஐப்பசியில், முதல் ஞாயிறு, வேலை முடிந்து வந்த சாயங்காலம், ஒரே ஒரு தடவை போனான். அரை மணி நேரம். நேர்மாறு அணி சொல்லிக் கொடுத்தான். மூன்றாவது தடவை சொன்னபோது ஜெர்வின் பேனாவைப் பிடுங்கித் தானே போட்டான். விடை சரியாக வந்தது. நம்பாமல் திரும்பப் போட்டான். திரும்பவும் வந்தது. "டேய், வருதுடா!" என்று கத்தினான். அடுப்படியிலிருந்து அவன் அம்மா ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டார். ஆக அவனுக்கு வரும். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் தன் மண்டையைத் தட்டிக் காட்டிவிட்டான், இன்னொருவன் ரச வாளியோடு நிற்கிறான்.

பதினொன்று. பன்னிரண்டு. வாளி குறையக் குறைய இலேசாகும் என்பார்கள், கை வலிதான் கூடிற்று. ஜெர்வினின் அம்மா. கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டுக்கு வா என்று ஜெர்வின் கூப்பிட்டபோது மறுக்க முடியாமல் போனான். அதுவும் மார்கழிதான். பிரியாணியில் கால் துண்டாகப் பார்த்து இவன் தட்டில் வைத்துவிட்டு, தன் பிள்ளைக்குக் கழுத்தை வைத்தார். "எம் புள்ளைக்காக ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒன் நேரத்தக் குடுக்குற. ஆண்டவர் ஒனக்குக் கொறை வைக்க மாட்டாரு தம்பி" என்றார். நவநீதன் ஜெர்வினைப் பார்த்தான். ஜெர்வின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும்தான் கேட்டான், "என்னடா சொல்லி வச்சிருக்க?" ஜெர்வின் சிரித்தான். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு நவநீதன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறானாம். நவநீதன் ஜெர்வின் வீட்டுக்கு வருவதாகச் சாரிடம் ஒரு கதை, ஜெர்வின் நவநீதன் வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் ஒரு கதை. "பின்ன எங்கடா போற?" "வாட்டர் டேங்க் பார்க்கு. பெஞ்சுல ஒக்காந்து நானே போட்டுப் பாப்பேன். வராது. சாயந்தரம் வீட்டுக்குப் போயிருவேன்." "எதுக்குடா இப்படி?" "பின்ன? நீ வரலன்னு சொன்னா அம்மா சார்கிட்ட வந்து கேக்கும். சார் ஒன் வேலைய நிறுத்திருவாரு. விடுறா." விடுறா. அவ்வளவு எளிதாகச் சொன்னான், கீழே விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. அதைக் கேட்ட பிறகாவது அடுத்த ஞாயிறு போனானா? அடுத்த ஞாயிறுதான் அணை. தண்ணீருக்குள் முங்கியிருந்தபோது ஒரு நொடி அந்தப் பார்க் பெஞ்சு கண்ணில் வந்தது. மூச்சு முட்டி மேலே வந்ததும் எல்லாரும் சத்தம் போட்டார்கள், இவனும் சத்தம் போட்டான், பெஞ்சு போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போனதே, அது எப்படி? தன்னால் எதையும் மறக்க முடியும் என்றால் தான் எப்படிப்பட்ட ஆள்?

பதினைந்து. பதினாறாவது இலைக்கும் ஊற்றியாயிற்று. தூண் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். சாரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டா என்னங்க? மறுவீட்டுக்கு இருந்துட்டுப் போலாம்ல." "நாளைக்கு முடியாதும்மா. ஒரு பையனோட அம்மா வர்றாங்க. கையெழுத்து வாங்கணும்." "எழுத விடாம ஆக்குறதுக்கா? பாவங்க." "பாவந்தான். ஹெச்.எம். கேட்டப்ப நான் அவனுக்காகப் பேசத்தான் பாத்தேன். என்னன்னு பேசுறது? கூடப் படிக்கிற பையனே பதினோரு வாரம் ஒக்காந்து சொல்லிக் குடுத்துருக்கான். அதுக்கப்புறமும் பன்னெண்டு மார்க்குன்னா..." ரசம் அவர் சோற்றில் குழியை நிரப்பி வழிந்தது. "போதும்ப்பா" என்றார். நிமிரவில்லை. நவநீதன் நகர்ந்தான். மனைவியின் இலை. அதற்கடுத்த இலை. அதற்கும் அடுத்தது. முடிந்துவிட்டது. பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்து, மூச்சு நன்றாக வந்தது. அப்பாடா. இந்த ஆறுதல் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று நினைத்த அதே கணத்தில் அது எந்த இனிப்பு என்று தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோளில் இருந்த கை பிடித்திருந்ததே, அதே மாதிரியான இனிப்பு. அப்படியானால் இது ஒரு தடவை நடந்த தவறு இல்லை. இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடக்கும். யாரோ ஒருவர் நிமிராமல் இருப்பார், இவன் நகர்ந்து போவான், மூச்சு நன்றாக வரும்.

"தம்பி, ரசம்! நல்லா இருக்குப்பா, இன்னொரு கரண்டி."

சாரின் குரல். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே பேர் சொல்லிக் கூப்பிடுகிற அதே குரல். பின்னால் வரும் மோரை வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அடுத்த சுற்றில் வேறு யாராவது வருவார்கள். ரிவர்ஸ் கிடையாது. நவநீதன் திரும்பினான். மோர் வாளி இடித்தது. "எங்கடா எதுர்ல வர்ற, லூசு" என்று மோர்க்காரன் திட்டினான். ஒரு இலை, இரண்டு இலை பின்னால். சார் சோற்றை இலையின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினார். நவநீதன் மெதுவாக ஊற்றினான். குவிந்த கை நிறைந்தது.

"சார்."

நிமிர்ந்து பார்த்தார். முதலில் தொப்பியைப் பார்த்தார், பிறகு முகத்தை. "நவநீதா? நீ எங்கடா இங்க?"

"சார், நான் ஜெர்வினுக்குச் சொல்லிக் குடுக்கல சார்."

ரசம் விரலிடுக்குகளில் கசியத் தொடங்கியது. குடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. "என்ன சொல்ற?"

"ஒரே ஒரு நாள் போனேன் சார். அரை மணி நேரம். மத்த வாரம் போகல. அவன் எனக்காகப் பொய் சொல்லிட்டான் சார்."

சாரின் மனைவி இவனை மேலும் கீழும் பார்த்தார். டிசர்ட்டை, உறை மாட்டிய கையை, வாளியை. "அட பாவமே. படிக்கிற வயசுல வேலைக்கு வந்துட்டு, புள்ள எங்கேருந்து இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடுக்கும்?" என்றார். சாரின் முகமும் இளகிக்கொண்டு வந்தது. இவனுக்குத் தெரிந்த மாதிரியேதான் இளகியது. "எல்லா ஞாயித்துக்கிழமையும் இந்த வேலைதானா?" என்று கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது. ஆமா சார் என்றால் போதும். இரண்டு சொல். ஜெர்வினுக்கும் நன்மை, இவனுக்கும் சேதம் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

"இல்ல சார்" என்றான். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "மார்கழியில வேலையே இல்ல சார். நாலு வாரமும் சும்மாதான் இருந்தேன். வெளையாடப் போனேன், சினிமாவுக்குப் போனேன். அவன் கூட ஒக்கார எனக்குப் பிடிக்கல சார். ஆனா அவனுக்கு வரும் சார். அன்னைக்குச் சொன்னப்ப வந்துச்சு. அவனே போட்டான்."

சாரின் கை காலியாகிவிட்டிருந்தது. முழங்கை வழியாக வழிந்து பட்டு வேட்டியில் மஞ்சளாக இறங்கியிருந்தது. மனைவி அவசரமாக ஒரு தாளை எடுத்து ஒற்றினார். அவர் அதைக் கவனிக்கவில்லை. தப்பான விடையைத் தப்பு என்று அடிப்பதற்கு முன்னால், எந்த வரியில் பிசகியது என்று தேடுவாரே, அந்த மாதிரி இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருக்கலாம்.

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு அவன் அம்மா வர்றாங்க" என்றார் கடைசியில். "கையெழுத்த நான் வாங்கல. ஹெச்.எம்.கிட்ட என்ன பேசணுமோ நான் பேசிக்கிறேன். ஆனா இப்ப என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். முழுசா சொல்லணும். கூட ஒக்காரப் பிடிக்கலன்னு சொன்ன பாரு, அது வரைக்கும்."

"ஜெர்வின் இருப்பானா சார்?"

"இருப்பான்."

"டேய் ரசம்!" என்று வரிசையின் அந்த முனையிலிருந்து ஒச்சப்பன் அண்ணன் கத்தினார். "அங்க என்னடா கதை? இலையெல்லாம் காயுது!"

நவநீதன் விட்ட இடத்துக்குப் போனான். ஒரு பெரியவர் சோற்றில் குழி பறித்துக்கொண்டு கையை மடியில் வைத்துக் காத்திருந்தார். ஊற்றினான். அடுத்த இலை. கையெழுத்து இல்லை என்று சார் சொன்னது காதில் இருந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் மனம் அங்கே நிற்காமல் எட்டரை மணிக்குப் போய்விட்டது. ஆசிரியர் அறை. லீவு சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் நிற்கிற அம்மா. இவனைப் பார்த்ததும் சிரிப்பார். இவன் நல்ல செய்தி கொண்டு வந்திருப்பதாக நினைப்பார். பக்கத்தில் ஜெர்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முதலில் என்ன சொல்வது? அலுப்பாக இருந்தது என்பதை ஒருவனுடைய அம்மாவிடம் எந்தச் சொல்லால் சொல்வது? அவரை எப்போதும் கூப்பிடுவது மாதிரியே 'அம்மா' என்று மனசுக்குள் தொடங்கிப் பார்த்தான். அதற்கடுத்த சொல் வருவதற்குள் அடுத்த இலை வந்துவிட்டது.